பந்தியில ஒரே இலை, ஓடுகளத்துல ஒரே லோரி

ஓம் சரவணபவ.

போன ஞாயிறு பூஜைக்கு வந்தவங்கள்ல நிறைய பேர் என்னைப் பிடிச்சுக் கேட்டாங்க. "என்ன தம்பி, கோயில் கார் பார்க்ல குட்டிக் குட்டி லோரியெல்லாம் ஓடுது?" பாதிப் பேருக்குச் சாம்பார் வாளியைத் தூக்கிக்கிட்டே பதில் சொன்னேன். மீதிப் பேருக்குச் சொல்லவே முடியல. அதனால இங்க முழுசா எழுதுறேன். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும். இதுல நான் செஞ்ச ஒரு தப்பும் இருக்கு, அதை விட்டுட்டுச் சொன்னா கதை பாதிதான்.

போன வருஷம் தைப்பூசம் முடிஞ்ச கையோட தொடங்கினது இது. தேவார வகுப்புக்கு வர்ற பசங்க பன்னிரண்டு, பதிமூணு வயசு ஆனதும் மெல்ல மெல்லக் காணாமப் போயிடுறாங்க. உங்க வீட்டுலயும் பார்த்திருப்பீங்க. வகுப்பு முடிஞ்சதும் ஒரு மணி நேரம் ஏதாவது விளையாட்டு வைக்கலாம்னு யோசிச்சேன். எனக்குச் சின்ன வயசுல இருந்தே ரிமோட் கண்ட்ரோல் வண்டின்னா உயிர். சரி, "வண்டி இருக்கிறவங்க கொண்டு வாங்க, கார் பார்க்ல ஓட்டலாம்"னு சொல்லிட்டேன். அவ்வளவுதான் சொன்னேன். விதின்னு ஒண்ணும் போடல.

முதல் வாரம் 14 பசங்க. எல்லாம் பாசார் மாலம்ல வாங்கினது, அண்ணன் விளையாடிட்டு வச்சது, ஒரு பக்கம் சக்கரம் ஆடுறது. ஒரே சிரிப்பும் கூச்சலும். மூணாவது வாரம் ஒரு பையன் புது வண்டியோட வந்தான். பிரஷ்லெஸ் மோட்டார், லிப்போ பேட்டரி. கார் பார்க்கோட இந்த மூலையில இருந்து அந்த மூலைக்குக் கண் சிமிட்டுறதுக்குள்ள போயிடும். ரெண்டாவது சுத்துல அது இன்னொரு பையனோட வண்டியில மோதுச்சு. அந்த வண்டியோட முன் சக்கரம் கழண்டு, அதைத் தாங்குற பிளாஸ்டிக் கை ரெண்டா உடைஞ்சு போச்சு.

அந்தத் தம்பி உடைஞ்ச துண்டைக் கையில வச்சுக்கிட்டு என்கிட்ட வந்தான். "அங்கிள், இதுக்கு ஸ்பேர் கிடைக்குமா?"

கிடைக்காது. விளையாட்டுச் சாமான் கடையில விக்கிற வண்டிக்கும் பந்தய வண்டிக்கும் உள்ள பெரிய வித்தியாசமே அதுதான். பந்தய வண்டின்னா ஒவ்வொரு ஸ்குரூவும் தனியா வாங்கலாம், கழட்டி மாட்டலாம். மத்தது உடைஞ்சா குப்பைதான். இதை நான் பொறுமையாச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேற. கையில ஸ்டாப் வாட்ச், காதுல பசங்க சத்தம். "இது விளையாட்டுச் சாமான்பா. அடுத்த வாரம் நல்ல வண்டியாக் கொண்டு வா."

அவன் தலையை ஆட்டிட்டுப் போனான். அடுத்த வாரம் வரல. அதுக்கு அடுத்த வாரமும் வரல. வண்டி ஓட்ட மட்டும் இல்ல, தேவார வகுப்புக்கும் வரல. நாலு வாரம் கழிச்சு அர்ச்சனைச் சீட்டுக் கவுண்டர்ல அவங்க அம்மாவைப் பார்த்தேன். "தம்பி எங்கம்மா, ஆளையே காணோம்?"னு கேட்டேன். அவங்க கொஞ்சம் தயங்கினாங்க. "அண்ணே, அவன் வண்டி ஒண்ணும் கேக்கல. கோயிலுக்கு வரலன்னுதான் சொல்றான்."

அன்னிக்கு நான் சந்நிதியில நின்னேனே தவிர, மனசு நிக்கல. பிள்ளைங்களைக் கோயிலுக்குக் கூட்டிட்டு வரணும்னு நான் ஆரம்பிச்ச வேலை, வந்துக்கிட்டு இருந்த ஒரு பிள்ளையை வெளியே அனுப்பியிருக்கு. புது வண்டி வாங்கிக் கொடுத்த அப்பா மேல குறையே இல்ல. எந்த அப்பாவும் மகனுக்கு நல்லதாத்தான் வாங்கித் தருவார். விதி போடாம விட்டது நான்.

அன்னிக்கு மதியம் அன்னதானத்துல பரிமாறும்போதுதான் எனக்கு உறைச்சது. நம்ம பந்தியில பெரிய கார்ல வந்தவருக்கும் பஸ்ல வந்தவருக்கும் ஒரே இலை, ஒரே சோறு, ஒரே வரிசை. அது தானா நடக்குதா? இல்லையே. முன்னாடி இருந்த பெரியவங்க அப்படித்தான்னு முறை வச்சுட்டுப் போயிருக்காங்க. முறை இல்லாத இடத்துல வசதிதான் முந்தி உட்காரும்.

அன்னிக்கே பந்தயத்தை நிறுத்திட்டேன். இதுல அனுபவம் உள்ள நண்பர்கள்கிட்ட விசாரிச்சேன். பந்தய உலகத்துல "கிளாஸ்"னு சொல்றது பாட வகுப்பை இல்ல. ஒரே விதிக்குக் கட்டுப்பட்ட வண்டிகளோட பிரிவு அது. அமெரிக்காவுல 2008-ல டிராக்ஸஸ் கம்பெனி ஸ்லாஷ்னு ஒரு டிரக்கை விட்டப்போ, பல ஓடுகளங்கள்ல அந்த ஒரே டிரக்குக்குன்னு தனி கிளாஸ் ஆரம்பிச்சாங்க. எல்லாருக்கும் அதே வண்டி, அதே மோட்டார். புதுசா வர்றவங்களுக்கு அது பெரிய வாசலா இருந்துச்சு. ஐரோப்பாவுல நிஜ லோரிகளுக்கே பந்தயம் நடக்குது. அதுல எஞ்சின் சக்தி ஆயிரம் குதிரைத்திறனுக்கு மேல. இருந்தாலும் மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாதுன்னு விதி. வேகத்துக்கு ஒரு கூரை போட்டுட்டா, அப்புறம் கை சுத்தமா ஓட்டுறவன்தான் முந்துவான்.

அந்தப் பந்தய லோரி மாதிரியே தாமியா கம்பெனியில ஒரு கிட் வருது. அடியில டிடி-01 டைப்-இ சேஸிஸ், நாலு சக்கரத்துக்கும் இழுவை, மேல லோரித் தலை. நம்ம கிள்ளான்ல லோரியைத் தேர்ந்தெடுத்ததுக்கு வேற காரணம் சொல்லணுமா? போர்ட் கிள்ளான் பக்கம் கண்டெய்னர் இழுக்கிற எத்தனை அப்பாமார் நம்ம கோயிலுக்கு வர்றாங்க!

ஆலயத் தலைவர்கிட்ட போனேன். அவர் மூணு நிபந்தனை போட்டார். உண்டியல் காசு ஒரு சென் கூட இதுக்குப் போகக் கூடாது. நடை திறந்து பூஜை நடக்கிற நேரத்துல சத்தம் கூடாது. கணக்கை நோட்டிஸ் போர்டுல ஒட்டணும். மூணும் நியாயம். அதனால பழைய பேப்பர், அலுமினிய டின் சேர்த்து வித்தோம். குடும்ப தினத்துல நாசி லெமாக் கடை போட்டோம். ஏழு மாசம் ஆச்சு. ரெண்டு லோரி புதுசு, நாலு லோரி கைமாறினது. ரிமோட், பேட்டரி, சார்ஜர் எல்லாம் சேர்த்து மொத்தம் 4,380 வெள்ளி. ரசீது எல்லாம் போர்டுல இருக்கு, பார்க்கலாம்.

இப்போ நம்ம கிளாஸோட முறை இதுதான்:

ஆறு லோரியும் கோயில் பிள்ளைங்களுக்குப் பொது. யாருக்கும் சொந்தம் இல்ல. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் சீட்டு எடுத்து, வந்த நம்பரைத்தான் ஓட்டணும்.

கிட்டோட வர்ற சாதாரண 540 மோட்டார்தான். அதைத் திறக்கக் கூடாது, மாத்தக் கூடாது. டயரும் ஒரே மாதிரி.

பேட்டரி 7.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு மட்டும். லிப்போ வேகமானதுதான். ஆனா குத்துப்பட்டாலோ அளவுக்கு மீறி சார்ஜ் ஆனாலோ தீப்பிடிக்கலாம். மண்டபத்துல பிள்ளைங்களை வச்சுக்கிட்டு அந்த ஆபத்து வேணாம்.

பிளாஸ்டிக் புஷ்ஷுக்குப் பதிலா பேரிங் போட்டிருக்கோம். நாங்க செஞ்ச ஒரே மாற்றம் அதுதான். தேய்மானம் குறையுது, வண்டி நாள்பட உழைக்குது.

ரிமோட்டை முதல்ல போடணும், அப்புறம்தான் வண்டி. அணைக்கும்போது வண்டி முதல்ல, ரிமோட் கடைசி. மாத்திச் செஞ்சா வண்டி தறிகெட்டு ஓடலாம்.

ஓடி முடிச்சவங்க அடுத்த ஓட்டத்துக்கு வளைவுல மார்ஷலா நிக்கணும். கவுந்த லோரியைத் தூக்கி நிமிர்த்தி விடணும், யாரோடதுன்னு பார்க்கக் கூடாது. இது உலகம் முழுக்க இந்தப் பந்தயக்காரங்ககிட்ட இருக்கிற வழக்கம்தான். நாம அதைத் தொண்டுன்னு சொல்லுவோம்.

ஓடுகளம் ரொம்பச் சுலபம். சாக்பீஸ் கோடு, ஓரத்துல கோயிலோட பழைய தண்ணீர்க் குழாய். ஓட்டம் அஞ்சு நிமிஷம். ஒரு நாளைக்கு ஆளுக்கு 2 வெள்ளி, அதுவும் பேட்டரிக்கும் உடைஞ்ச சாமானுக்கும். இல்லாதவங்ககிட்ட கேக்கிறது இல்ல, யார் கொடுத்தாங்கன்னு எழுதி வைக்கிறதும் இல்ல.

எல்லாம் தயாரானதும் அந்தத் தம்பி வீட்டுக்குப் போனேன். ஃபிளாட்ல நாலாவது மாடி. அவன் அறையை விட்டு வெளியே வரல. அவங்க அப்பா அப்போதான் ஜோகூர் லோட் இறக்கிட்டு வந்து படுத்திருந்தார். எழுந்து வந்து உட்கார்ந்தார். நான் சொன்ன வார்த்தையை அப்படியே அவர்கிட்ட சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். அறைக்குள்ள கேக்கிற மாதிரிதான் கேட்டேன். அவர் கோபப்படல. "லோரியா?"ன்னு மட்டும் கேட்டார்.

அந்த ஞாயிறு அவர் தனியாத்தான் வந்தார். கையைக் கட்டிக்கிட்டு ஓரமா நின்னு பார்த்தார். லோரித் தலை உயரம் இல்லையா, பசங்க வேகமா வந்து வளைவுல பிரேக் போட, ஒண்ணு பின்னாடி ஒண்ணாக் கவுந்துச்சு. ரெண்டாவது ஓட்டத்துல அவரால பொறுக்க முடியல. "டேய் தம்பிங்களா, வளைவுக்குள்ள போய் பிரேக் போட்டா எந்த லோரியும் கவுரும்டா. நேரா இருக்கும்போதே வேகத்தைக் குறை. வளைவுல மெதுவா எண்ணெய் கொடு, தானா நிமிர்ந்து வரும்." நான் மூணு வாரமாத் தொண்டை கிழியக் கத்தினது அதேதான். இருபது வருஷம் நிஜ லோரி ஓட்டினவர் சொன்னா அது வேற. மூணாவது ஓட்டத்துல ஒரே ஒரு லோரிதான் கவுந்துச்சு.

இப்போ அவர் லோட் இல்லாத ஞாயிறெல்லாம் வர்றார். பசங்க அவரை "லோரி மாமா"ன்னு கூப்பிடுறாங்க.

மகன்? மூணாவது வாரம் அப்பா கூட வந்தான். என்கிட்ட பேசல. தேவார வகுப்புல கடைசி வரிசையில உட்கார்ந்தான். வகுப்பு முடிஞ்சு சீட்டு எடுத்தான், 4-ஆம் நம்பர் லோரி வந்துச்சு. ஆறு பேர்ல நாலாவதா வந்தான். அப்புறம் மார்ஷலாப் போய் ரெண்டாவது வளைவுல நின்னான். அந்த ஓட்டத்துல கவுந்தது, போன வருஷம் புது வண்டி கொண்டு வந்த பையனோட லோரி. இவன் ஓடிப் போய்த் தூக்கி நிமிர்த்தி வச்சுட்டு, வழியை விட்டு விலகி நின்னான். அவ்வளவுதான் நடந்தது. எனக்கு அது போதும்.

இப்போ 18 பிள்ளைங்க வர்றாங்க, அதுல அஞ்சு பேர் பெண் பிள்ளைங்க. அன்பர்களே, காசு வேணாம். வீட்டுல சும்மா கிடக்கிற பழைய டிஜிட்டல் கடிகாரம், சின்ன ஸ்குரூ டிரைவர் செட் இருந்தா மண்டபத்துல கொடுங்க. சுத்து எண்ணி எழுத ஒரு ஆள் வேணும், ரெண்டு ஆள் வந்தாலும் சரி. முக்கியமா, கோயில் பக்கம் வராம நின்னுபோன பிள்ளை யாராவது உங்க ரோட்டுல இருந்தா, ஞாயிறு காலை பத்தே முக்கால் மணிக்குக் கூட்டிட்டு வாங்க. வண்டி இருக்கான்னு யாரும் கேக்க மாட்டோம். தேவாரம் பதினோரு மணிக்கு, லோரி பன்னிரண்டு மணிக்கு, அன்னதானம் ஒரு மணிக்கு.

மழை பெய்தா லோரி கிடையாது. தேவாரமும் சாப்பாடும் உண்டு.

முருகன் துணை.