ஒரே தொட்டியில் மூன்று கண்டங்கள்

திருமுல்லைவாயிலில் ஒரு வீட்டின் பின்புறம், தகரக் கூரைக்கடியில் வரிசையாகத் தொட்டிகள். ஏர் பம்ப் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே பாதிதான் காதில் விழுகிறது. இங்கே வளரும் குஞ்சுகள் கொளத்தூர்க் கடைகளுக்குப் போகின்றன. நான் பார்க்க வந்தது, விற்பனைக்கு வைக்காத ஓர் ஆறடித் தொட்டியை. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த மஞ்சள் சிக்லிட், தென் அமெரிக்காவின் செவரம், நம் பழவேற்காட்டிலும் வாழும் செல்லக்காசு மூன்றும் அதில் ஒன்றாகத் திரிகின்றன.

மூன்றும் சிக்லிட் என்ற மீன் குடும்பத்தைச் சேர்ந்தவை. அதில் ஆயிரத்துக்கு மேல் இனங்கள் உண்டு. இந்தியாவுக்குச் சொந்தமானவை மூன்றே. கேரளம் 2010-ல் மாநில மீனாக அறிவித்த கரிமீன் அவற்றில் ஒன்று. அதற்கு உறவான செல்லக்காசு இன்னொன்று. இவற்றின் நெருங்கிய சொந்தங்கள் கடல் தாண்டி மடகாஸ்கரில் இருக்கின்றன.

"தண்ணி எப்படிண்ணே ஒத்துப்போகுது?" என்று தொட்டிகளின் சொந்தக்காரரிடம் கேட்டேன். மலாவி ஏரி நீர் காரத்தன்மை கொண்டது. அமேசான் பக்கத்து ஆறுகளில் பெரும்பாலும் மென்னீர்.

"இதுங்க அமேசானப் பாத்ததே இல்ல சார். அப்பன் பாட்டன்லேருந்து இந்த போர் தண்ணியிலயே பொறந்தது. டிஸ்கஸ் மீனுன்னா வேற கதை, அதுக்கு ஆர்.ஓ. தண்ணி தனியா வெச்சிருக்கேன். இங்க சண்டை வர்றது சோத்துலயும் எடத்துலயும்தான்."

முன்பு ஏஞ்சல் மீனை மலாவி மீன்களோடு விட்டிருக்கிறார். ஒரே வாரத்தில் துடுப்பெல்லாம் கிழிந்து நூலாகத் தொங்கியதாம். ஆஸ்கர் மீனை விட்டபோது சின்னதெல்லாம் அதன் வாய்க்குள் போனது. அதற்குப் பிறகுதான் வயிற்றைப் பார்த்துச் சேர்க்கத் தொடங்கினார். செவரம் இலைதழை விரும்பி. மலாவிப் பாறை மீன்களில் பல பாசி மேய்பவை. புழுவையே கொட்டினால் வயிறு உப்பிச் செத்துவிடும். அதனால் இங்கே வெந்நீரில் வாட்டிய கீரையும் ஸ்பைருலினாத் தீனியும்தான் பெரும்பாலும். புது மீன் விடும் நாளில் கற்களையெல்லாம் இடம் மாற்றி அடுக்கி, விளக்கை அணைத்துவிடுகிறார். விடிந்தால் பழைய மீனுக்கும் அது புது வீடு. தன் பொந்து என்று விரட்ட ஒன்றும் இருக்காது.

இவ்வளவு பார்த்துச் சேர்க்க வேண்டியதை நாம் ஏரிகளில் பார்க்கவே இல்லை. தூண்டிலில் அகப்படும் ஜிலேபி மீனும் ஆப்பிரிக்கச் சிக்லிட்தான். 1952-ல் உணவுக்காகக் கொண்டுவந்தோம். நாட்டு மீன்களின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. வளர்த்து அலுத்த மீனை ஏரியில் விடுவது புண்ணியம் என்று நினைப்பவர்களைக் கண்டால் எனக்குப் பதறுகிறது.

தொட்டிகளைக் கவனித்துக்கொள்பவர் ஓர் அக்கா. நாள் கூலி. எந்நேரமும் தண்ணீரில் கிடந்து விரலிடுக்கெல்லாம் வெளுத்திருந்தது. கடையில் மீன் வாங்குபவருக்கு இந்தக் கைகளைத் தெரியாது. தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

மஞ்சள் மீன் ஒன்று தாடை புடைக்க மூலையில் ஒதுங்கி நின்றது. "வாயில புள்ள வெச்சிருக்கா சார். மூணு வாரம் ஆவப்போவுது, இன்னும் ஒரு வாய் துன்னல," என்றார் அக்கா. முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே காக்கும் இனம் அது. கையை நனைத்துக்கொண்டு அதைப் பிடித்தார். தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலைகீழாகச் சாய்த்து, கீழ்த்தாடையை நகத்தால் மெல்லத் தாழ்த்தினார். கடுகு தாளித்ததுபோல் குஞ்சுகள் சிதறி விழுந்தன. பதினேழு.

தாயை உடனே பெரிய தொட்டிக்கு அனுப்பவில்லை. "எளச்சிருக்கா. இப்ப வுட்டா மத்ததுங்க அடிச்சே கொன்னுடும்." தனிக் கண்ணாடித் தொட்டியில் விட்டு, கீரையை நகத்தளவு கிள்ளிப் போட்டார். அது வெகுநேரம் அசையாமல் நின்றது. பிறகு மெதுவாக மேலே வந்து ஓரத்தைக் கடித்தது.

"துன்றா," என்றார் அக்கா. அடுத்த தொட்டிக்கு வலையை எடுத்துக்கொண்டு போனார்.