சித்திரைச் சீசனில் குதிரை பழகும் பிள்ளைகள்

முதல் நாள் எந்தப் பிள்ளையையும் நான் குதிரை மேல் ஏற்றுவதில்லை. சித்திரை விடுமுறைக்கு நுவரெலியாவில் குதிரை பழக வருகிற பிள்ளைகள் பலருக்கு இதைக் கேட்டதும் முகம் வாடிவிடும். கூட வந்த தகப்பன் மெல்லப் பக்கத்தில் வந்து, "ஒரு ரவுண்டாவது ஏத்தி விடுங்க அண்ணே, போட்டோ எடுத்துக்கிறோம்" என்பார். அதற்குக் கிரகரி வாவிக் கரையில் மட்டக்குதிரைகள் நிற்கின்றன. அங்கே ஒரு சுற்றுப் போய் வந்தால் ஆசை தீரும். என்னிடம் வருகிற பிள்ளைக்கு முதல் நாள் முழுக்கத் தரையில்தான் வேலை. குதிரைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், தொட வேண்டும், தேய்த்துவிட வேண்டும், காலைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.

குதிரைக்குக் கண்கள் தலையின் இரண்டு பக்கமும் இருக்கின்றன. தன்னைச் சுற்றி ஏறக்குறைய 350 பாகை அதற்குத் தெரியும். தெரியாமல் போவது நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சம், வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சம். பிள்ளைகள் ஆசையாக ஓடி வருவது அந்த இரண்டு இடத்துக்கும்தான். அதனால் இடது தோளைப் பார்த்துச் சரிவாக, பேசிக்கொண்டே வரச் சொல்வேன். என்ன பேசுவது என்று கூச்சப்படுவார்கள். "காலையில என்ன சாப்பிட்ட, அதைச் சொல்லிக்கிட்டே வா" என்பேன். ஆள் வந்து சேருமுன் குரல் வந்து சேர்ந்துவிட்டால் குதிரை திடுக்கிடாது. அதன் காது அந்தக் குரலுக்குத் திரும்பும். காது திரும்பிய பக்கம்தான் கவனம் இருக்கிறது. காது இரண்டும் பிடரியோடு ஒட்டிப் பின்னால் மடிந்தால் கோபம், இல்லை வலி. ஒரு மணி நேரம் காதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை, அதற்கப்புறம் குதிரையைக் கேட்காமல் தொடுவதில்லை.

குளம்பு பார்ப்பதற்குத்தான் நான் அதிக நேரம் கொடுப்பேன். தோளில் கை வைத்து, கையை எடுக்காமல் கால் வழியே கீழே இறக்கி, கணுக்காலுக்கு மேலே பின்பக்க நரம்பை லேசாக அழுத்தினால் குதிரை தானாகவே காலைத் தூக்கித் தரும். எங்கள் செவலை கொஞ்சம் சோம்பேறி. தூக்கிய காலின் பாரத்தை நம் மடியில் போட்டுவிடும், அதையும் பிள்ளை தாங்கப் பழக வேண்டும். குளம்புக் கொக்கியைக் குதியிலிருந்து நுனி நோக்கித்தான் இழுக்க வேண்டும். அடியில் முக்கோணமாக ஒரு மெத்தை இருக்கும், அதன் இரு பக்கமும் பள்ளம். மண்ணும் சாணமும் சிறு கல்லும் அந்தப் பள்ளத்தில் அடைந்து கிடக்கும். சுத்தம் செய்த பிறகு முகர்ந்து பார்க்கச் சொல்வேன். முகம் சுளிப்பார்கள், ஆனாலும் விடமாட்டேன். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பனியும் மழையும் மாறி மாறி வந்து தரை காய்வதே அபூர்வம். இந்த ஈரத்தில் மெத்தையின் ஓரம் அழுகிக் கறுத்துக் கசியும், அந்த நாற்றம் வேறு எதிலும் வராது. கண்ணுக்குத் தெரியுமுன் மூக்குக்குத் தெரிந்துவிடும். வெயில் ஊரில் இதே நோய்க்கு இவ்வளவு பாடம் தேவைப்படாது.

அடுத்து வயிறு. பிள்ளையின் காதை விலாவுக்குப் பின்னால், இடுப்புக்குழிக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்கச் சொல்வேன். உள்ளே தண்ணீர் உருள்வது போலவும் தூரத்தில் இடி இடிப்பது போலவும் சத்தம் வந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தம் இருக்கிற மட்டும் பயமில்லை, நின்றுவிட்டால்தான் பயம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தின்றது உள்ளே சிக்கினாலும் காற்று அடைத்தாலும் அது திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்க்கும், முன்னங்காலால் தரையைக் கீறும், படுத்துப் புரளும். அந்த நிலைமைக்கு வந்த பிறகு மிருக வைத்தியருக்குப் போன் போட்டுக் காத்திருக்கிற ஒவ்வொரு நிமிடமும் கொடுமை. குளிர் ஊரில் இதற்கு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. ஒரு குதிரை நாளொன்றுக்கு 25 முதல் 45 லீட்டர் வரை தண்ணீர் குடிக்க வேண்டும். விடிகாலைத் தண்ணீர் பனிக்கட்டி போலிருந்தால் வாயை வைத்துவிட்டு எடுத்துக்கொள்ளும். குடல் வறண்டுவிடும். ஆகவே காலை வாளியில் ஒரு கேத்தல் சுடுதண்ணீர் கலப்பது எங்கள் வழக்கம். இதைச் செய்யும் பொறுப்பைப் பிள்ளைகளுக்கே கொடுப்பேன். எவ்வளவு குடித்தது என்று பலகையில் எழுதுவதும் அவர்கள் வேலை.

தீனி விஷயத்தில் இந்த ஊரே பொறிகளால் நிறைந்தது. சீசனுக்கு வருகிறவர்கள் வழியில் கரட், லீக்ஸ், கோவா என்று மரக்கறி வாங்கிக்கொண்டு வருவார்கள். பிள்ளைகளும் அன்பாக நீட்டுவார்கள். கரட் கொடுக்கலாம், ஆனால் வட்டமாக நறுக்கினால் தொண்டையில் அடைக்கும், நீளவாக்கில் கீற வேண்டும். கோவா வயிற்றில் காற்றைக் கட்டும். லீக்ஸ் வெங்காய இனம், குதிரையின் இரத்தத்தையே கெடுக்கும். பங்களாத் தோட்டங்களில் அழகாகப் பூத்து நிற்கிற ரோடோடென்ட்ரனும் அசேலியாவும் நஞ்சு. ஒரு கிளை வேலிக்கு மேலே தொங்கினாலே போதும். புல்லிலும் கவனம் வேண்டும். மலைநாட்டில் எங்கும் பரவிக் கிடக்கும் கிகுயுப் புல் மாட்டுக்கு நல்ல தீனி. குதிரைக்கு அதை மட்டுமே போட்டு வளர்த்தால் அதிலுள்ள ஒக்சலேற்று உடம்பில் கல்சியம் சேரவிடாது, எலும்பு பலவீனப்பட்டு முகவெலும்பு வீங்கும். அதனால்தான் வேறு புல்லும் வைக்கோலும் கலந்து, சுண்ணாம்புச் சத்தும் சேர்த்துக் கொடுக்கிறோம். ஏறப் பழகுவதைவிட இதைத் தெரிந்துகொள்வது பெரிது என்று நான் மனதார நம்புகிறேன். ஏறத் தெரியாதவனால் குதிரைக்குப் பெரிய கெடுதி வராது. தீனி போடத் தெரியாதவன் அதைக் கொன்றேவிடுவான்.

பாடம் காலை 6.30-க்குத் தொடங்கி 10 மணிக்கு முடிந்துவிடும். சித்திரையில் மதியத்துக்கு மேல் மலைக்குப் பின்னாலிருந்து மேகம் ஏறி இடிமழை கொட்டுவது வழக்கம். அதற்குள் குதிரைகள் துடைத்து, உலர்ந்து, உள்ளே நிற்க வேண்டும்.

இரண்டாம் நாள் ஏற்றுவேன், ஆனால் கடிவாள வாரைக் கையில் கொடுக்கமாட்டேன். நீளக் கயிற்றில் குதிரையை நான் வட்டமாக நடத்துவேன். மேலே இருக்கிற பிள்ளை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு உட்கார வேண்டும். பிடிக்க எதுவும் இல்லாதபோதுதான் உடம்பு தன் நடுவை எங்கே வைப்பது என்று தேடும். பயம் முதலில் முழங்காலுக்குத்தான் வரும். முழங்கால் சேணத்தை நெருக்கும், குதி மேலே தூக்கும், உடம்பு முன்னால் குனியும். குதியைக் கீழே இறக்கு என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பேன். அதோடு மூச்சை வெளியே விடவும் சொல்வேன். மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிற பிள்ளையைக் குதிரை முதுகாலேயே கண்டுபிடித்துவிடுகிறது. அதுவும் கழுத்தை விறைத்துக்கொள்ளும். பிள்ளை மூச்சு விட்டால் குதிரையும் மூக்கால் புர்ரென்று காற்றை விடும். இது நடக்கும் இடத்தில் நான் எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

ட்ரொட் வந்ததும் அழுகையும் வரும். அந்த நடையில் முன் இடதும் பின் வலதும் ஒன்றாக எழுந்து விழும், பிறகு மற்ற இரண்டும். இரண்டு தாளம். உட்கார்ந்தே இருந்தால் பல் கிட்டும். ஒரு தாளத்துக்கு எழுந்து ஒரு தாளத்துக்கு உட்கார வேண்டும். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது சீக்கிரம் பிடிபட்டுவிடும். காமன் கூத்துத் தப்புச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். மூன்றாம் சுற்றிலேயே தாளத்தில் விழுந்துவிடுவார்கள்.

நாங்கள் வைத்திருக்கும் குதிரைகளில் சில, பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றவை. நுவரெலியாவில் பந்தயத் திடல் 1875-இலிருந்து இருக்கிறது. சித்திரையில் ஆளுநர் கிண்ணப் போட்டிக்கு ஊரே திரளும். ஓடி முடித்த குதிரைகள் சில இப்படி எங்களிடம் வந்து சேரும். அவற்றோடு பழகுவது தனிக் கலை. வாரை இறுக்கினால் குதிரை நிற்கும் என்பது எல்லாப் பிள்ளையும் நினைப்பது. பந்தயக் குதிரைக்கு வாரை இறுக்குவது ஓடுவதற்குத் தயாராகு என்கிற சைகை. அது இறுக்கத்தின் மேல் சாய்ந்து இன்னும் வேகமெடுக்கும். பயந்து இழுக்க இழுக்க அது போய்க்கொண்டே இருக்கும். அதனால் நிறுத்தப் பழக்கும்போது, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, வாரை ஒரு தரம் பிடித்து உடனே விடச் சொல்வேன். மறுபடி பிடி, விடு. விடுகிற நொடிதான் குதிரைக்குப் புரிகிற பதில். ஆறு மாதம் இப்படிப் பழக்கிய பிறகே ஒரு பந்தயக் குதிரையைப் பிள்ளைகளிடம் கொடுக்கிறோம், சில குதிரைகளைக் கடைசி வரை கொடுப்பதே இல்லை.

இந்த மலையில் அவசரத்துக்குப் பெயர் போன ஒரு குதிரைக்காரனின் கதையைச் சாமுவேல் பேக்கர் எழுதி வைத்திருக்கிறார். 1848-இல் இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் மிருகங்களையும் கொண்டுவந்து நுவரெலியாவில் குடியேற்றியவர் அவர். அவருடைய ஆங்கிலேயக் குதிரைக்காரன் பெர்க்ஸ், ரம்பொடைக் கணவாயில் வண்டியையும் குதிரைகளையும் பள்ளத்தில் விட்டான். அதைத் தூக்கிவர அனுப்பிய யானையையும் மேட்டில் விரட்டி ஓட்ட, அந்த யானை செத்தே போனது. பேக்கரின் புத்தகம் 1855-இல் வந்தது, வாசிப்பவர்கள் அதை வேடிக்கையாகச் சொல்வார்கள். எனக்கு அந்த யானைதான் நினைவில் நிற்கிறது. ரம்பொடை வளைவுகளில் வேனில் ஏறி வந்த பிள்ளைகளுக்கு அந்த மேட்டின் அளவு தெரியும், சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

பின்னால் வந்த துரைமாரும் குதிரையில்தான் மலை பார்த்தார்கள். குதிரையைத் தேய்த்தவர்கள், தண்ணீர் காட்டியவர்கள், துரை இறங்கியதும் வாரைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றவர்கள் நம்மாட்கள். என் தாத்தாவும் அப்படி ஒருவர். குதிரையின் மூச்சை வைத்தே அதன் நோயைச் சொல்லிவிடுவார் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் அவர் ஒரு நாளும் குதிரை மேல் உட்கார்ந்ததில்லை. உட்காரக் கூடாது. நம் முன்னோர் தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தே வந்தவர்கள். அவர்கள் வந்த 200 ஆண்டு நினைவாக 2023-இல் அதே வழியில் மறுபடி ஒரு நடைபயணம் போனார்கள். அந்த நடையை நினைக்கிறபோது, ஹட்டன் பக்கத்து லயத்திலிருந்து வருகிற ஒரு சிறுமி அங்கவடியில் கால் வைத்து ஏறி நிமிர்ந்து உட்காருவது எனக்குச் சாதாரணக் காட்சி இல்லை. ஆகவே கொழும்புப் பிள்ளைகளிடம் வாங்கும் கட்டணத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்குகிறோம். இதை உதவி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். குதிரை அறிவு இந்த மலையில் யாருடைய கையில் இருந்ததோ அந்தக் கைக்கே அது திரும்புகிறது.

வாவிக்கரையில் பிழைப்புக்காக மட்டக்குதிரை வைத்திருக்கும் தம்பிமார் மேல் எனக்கு மரியாதை உண்டு. சீசனின் சில வாரங்களில் சம்பாதித்துத்தான் மழை மாதங்களில் அந்தக் குதிரைக்கும் சேர்த்து அவர்கள் கஞ்சி காய்ச்ச வேண்டும். ஆனால் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன், பயணிகளிடமும் கேட்கிறேன். குதிரை சுமக்கும் பாரம், சேணத்தையும் சேர்த்து, அதன் எடையில் ஐந்திலொரு பங்கைத் தாண்டக் கூடாது. 250 கிலோ மட்டக்குதிரைக்கு 50 கிலோதான் எல்லை. வளர்ந்த ஆண் ஒருவர் அதன் மேல் ஏறி, மடியில் பிள்ளையையும் வைத்துக்கொண்டு போட்டோ எடுப்பது பாவம். சுற்றுக்குச் சுற்று தண்ணீர், மதியத்தில் சேணத்தைக் கழற்றி முதுகுக்குக் காற்று, இவ்வளவு செய்தால் அந்தக் குதிரை அடுத்த சீசனுக்கும் நிற்கும். என் மாணவர்கள் வாவிக்கரைக்குப் போனால் முதலில் சேணத்துப் பட்டைக்குக் கீழே புண் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறார்கள். சிலர் அதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு பையன் நெடுந்தீவுக் குதிரைகளைப் பற்றிச் சொன்னான். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை அங்கே இன்றும் சேணமில்லாமல் திரிகின்றன, கோடையில் தண்ணீருக்குத் தவிக்கின்றன. "அதுக்கு யார் மாமா வாளியில தண்ணி வைக்கிறது?" என்று கேட்டான். அன்றைக்கு ஏறும் பாடத்தை விட்டுவிட்டு எல்லோரும் அதைத்தான் பேசினோம்.

வைகாசி பிறந்தால் தென்மேல் மழை இறங்கிவிடும். விடுமுறைப் பிள்ளைகள் ஊர் திரும்புவார்கள். திடல் சேறாகிக் குதிரைகளுக்கு ஓய்வு கிடைக்கும். தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் மட்டும் சனிக்கிழமைகளில் தொடர்ந்து வருவார்கள். மழைக் காலத்தில் அவர்களுக்கு ஏறும் பாடம் குறைவு, குளம்பு வேலை அதிகம். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு தரம் குளம்பைச் சீவி, அரத்தால் ராவி, லாடத்தைச் சரிபார்க்க வேண்டும். இந்த வேலை தெரிந்தவர்கள் மலைநாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், அவர்களுக்கும் வயதாகிறது. ஹட்டன் பக்கத்துச் சிறுமிக்கு இப்போது இதில்தான் நாட்டம். "பொம்பளப் பிள்ளைக்கு லாடம் அடிக்கிற வேலையா?" என்று அவளுடைய அம்மா கேட்டார். வந்து பாருங்கள் என்றேன். ஒரு சனிக்கிழமை கொழுந்துக் கூடையை வைத்துவிட்டு நேரே வந்தார். மகள் செவலையின் காலை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, அதன் பாரம் முழுவதையும் தாங்கி, குளம்பின் ஓரத்தை ராவிக்கொண்டிருந்தாள். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, இந்த வேலைக்கு மாதம் என்ன கிடைக்கும் என்று கேட்டார். உள்ளபடி சொன்னேன். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த வாரத்திலிருந்து அரை நாளுக்குப் பதிலாக முழு நாளும் அனுப்புவதாகச் சொல்லிப் போனார். அவளுடைய கைக்கு என் அரம் பெரிது. சின்னதாக ஒன்று கொழும்பிலிருந்து வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன்.