இருபத்தைந்தில் ஒரு பங்கு

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்கும்போதெல்லாம் ‘ஒளியின் இரட்டைத் தன்மை’, ‘சூரிய ஆற்றலும் நாமும்’ என்று எதையாவது எழுதிக் கொடுத்துத் தப்பித்து வந்தவன் நான். இம்முறை தமிழ்த்துறை நண்பர், “ஐயா, இந்த ஆண்டாவது மனிதர்கள் படிக்கிற மாதிரி ஒன்று எழுதுங்கள்” என்று சொல்லிவிட்டார். எனவே பொம்மைக் காரைப் பற்றி எழுதத் துணிந்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய இயற்பியல் ஆசிரியன் பொம்மைக் கார் செய்த கதை இது. மாணவ நண்பர்கள் சிரிக்கலாம். வகுப்பில் மட்டும் நினைவுபடுத்த வேண்டாம்.

2023 ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் அமெரிக்கா சென்றேன். மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகருக்கு அருகே, என் அக்கா இருக்கிறாள். (அரசு ஊழியன் ஒருவன் தடையின்மைச் சான்று பெற்று விமானம் ஏறும் வரலாறு தனிக் கட்டுரைக்கு உரியது.) அத்தான் அங்கே கார்த் தொழிலில் பொறியாளராக இருந்தவர். 2021 இல் காலமானார். கொரோனாக் காலம், காரியத்துக்குக்கூடப் போக முடியவில்லை. கைப்பேசித் திரையில் பார்த்து அழுதேன். இரண்டு ஆண்டு கழித்துத்தான் அந்த வீட்டு வாசற்படியை மிதித்தேன்.

அக்கா தேறியிருந்தாள். அவள் மகன்தான் தேறவில்லை. பதினாறு வயது. “வாங்க மாமா” என்று அழகாக வரவேற்றான். அதன்பின் நான்கு நாள் அவனிடமிருந்து பேச்சே இல்லை. சாப்பிட வருவான், தட்டைக் கழுவி வைப்பான், மாடிக்குப் போய்விடுவான். “இவன் இப்படித்தான்டா இருக்கான்” என்றாள் அக்கா.

அந்த ஊர் வீடுகளில் தரைக்குக் கீழே ஒரு நிலவறை உண்டு. அங்கே ஒரு மூலையில் மேசை ஒன்று பழைய சுங்குடிப் புடவையால் மூடிக் கிடந்தது. புடவையை நீக்கினேன். சிறு ரம்பங்கள், அரங்கள், உப்புத்தாள்கள், கடுகளவு குப்பிகளில் வண்ணங்கள். நடுவே, பாதி செய்து நின்றுபோன ஒரு கார். உள்ளங்கையைவிடச் சற்று நீளம். 1932 ஆம் ஆண்டு ஃபோர்டு, மூன்று சன்னல் கூபே. 25-இல் ஒரு பங்கு அளவு. ரெவெல் நிறுவனத்தின் அட்டைப்பெட்டி பக்கத்தில் இருந்தது. கொடியில் காய் தொங்குவதுபோல் பிளாஸ்டிக் சட்டத்தில் எஞ்சிய உறுப்புகள் தொங்கிக்கொண்டிருந்தன.

நிற்க. அந்தக் காரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். பொருளாதாரம் வீழ்ந்து கிடந்த 1932 இல், விலை மலிந்த கார் ஒன்றில் எட்டு உருளை எஞ்சினை வைத்து விற்றார் ஹென்றி ஃபோர்டு. அதுவரை ‘வி-8’ என்பது பணக்காரர் காரியம். 65 குதிரைத்திறன், இன்றைய கணக்கில் பெரிதல்ல, அன்றைக்கு அது பெரிது. சில ஆண்டுகளில் இக்கார்கள் பழையனவாகிச் சில்லறைக் காசுக்கு விற்கப்பட்டபோது, கலிபோர்னியாவின் இளைஞர்கள் அவற்றை வாங்கினார்கள். மட்கார்டைக் கழற்றி எறிந்தார்கள். எஞ்சினைத் தாமே பிரித்து மாற்றினார்கள். மியூராக், எல் மிராஜ் என்னும் வறண்ட ஏரிப் படுகைகளுக்கு ஓட்டிச் சென்று, யார் கார் வேகமாய்ப் போகிறது என்று பார்த்தார்கள். காற்று குறைவாய்த் தடுக்கட்டும் என்று கூரையை அறுத்துத் தாழ்த்தினார்கள். இவைதாம் ‘ஹாட் ராடு’ எனப்பட்டன. போர் முடிந்து திரும்பிய சிப்பாய்கள் பலர் இந்தப் பித்தில் சேர்ந்தனர். 1948 சனவரியில் இதற்கென்றே ‘ஹாட் ராடு’ என்ற பெயரில் இதழும் தொடங்கியது.

காரை வாங்க வழியில்லாத சிறுவர்கள் என்ன செய்வது? அவர்களுக்காக வந்தவைதாம் இந்தப் பிளாஸ்டிக் கிட்டுகள். அதே மிச்சிகனின் டிராய் நகரில் இருந்த ஏ.எம்.டி. நிறுவனம் 1958 இல் ஒரு நல்ல தந்திரம் செய்தது. ஒரே பெட்டிக்குள் மூன்று வகையாய் முடிப்பதற்கான உறுப்புகளைப் போட்டுக் கொடுத்தது. தொழிற்சாலையில் வந்தபடியே செய்யலாம், ஒப்பனைக் காராய்ச் செய்யலாம், பந்தயக் காராய்ச் செய்யலாம். மீந்த உறுப்புகளைப் பையன்கள் எறிவார்களா? சேர்த்து வைத்தார்கள். இந்தப் பெட்டியின் எஞ்சினை அந்தப் பெட்டியின் காரில் வைத்தார்கள். பெட்டியில் உள்ள விளக்கத்தாளை மதியாமல் இருப்பதே இக்கலையின் முதல் பாடம் என்று எனக்குத் தோன்றுகிறது. நாற்பது மதிப்பெண்ணுக்கு உரைநூலை நம்பும் என் மாணவர்களுக்கு இது புதிதாய் இருக்கும்.

அத்தானின் மேசையிலும் அப்படி ஓர் உதிரிப் பெட்டி இருந்தது. கார் அவர் இறந்த நாளில் நின்ற நிலையிலேயே நின்றது. எஞ்சின் முடிந்துவிட்டது, உடல் முடியவில்லை. சன்னல் தூண்களைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டி, அதன்மேல் பென்சிலால் இரண்டு கோடுகள் இழுத்திருந்தார். கோடுகளுக்கு நடுவே அளந்தேன்: 3 மில்லி மீட்டர். 25 ஆல் பெருக்கினால் 75. அதாவது உண்மைக் காரில் மூன்று அங்குலம். கூரையைத் தாழ்த்த எண்ணியிருக்கிறார்.

“நான் இதை முடிக்கட்டுமா?” என்று அக்காவிடம் கேட்டேன். “செய்யேன்” என்றாள். பையனிடமும் கேட்டேன். தோளைக் குலுக்கினான். அது சம்மதமா மறுப்பா என்று அறியும் கருவி எந்த ஆய்வகத்திலும் இல்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் இன்பமாய்க் கழிந்தது. படித்த இயற்பியலெல்லாம் அந்த மேசையில் எனக்குப் புதிதாய் விளங்கியது. உண்மைக் கார் ஏறத்தாழ ஒரு டன் எடை. நீளம் 25-இல் ஒரு பங்கானால் எடை 15,625-இல் ஒரு பங்கு. ஆக 64 கிராம்தான் இருக்கவேண்டும். பிளாஸ்டிக் சுவரின் கனம் ஒரு மில்லி மீட்டர். அதைப் பெருக்கினால் கார்த் தகடு ஓர் அங்குலக் கனம் என்றாகும்! அதனால்தான் கதவு விளிம்பை உட்புறமாய் இழைத்து மெலிதாக்குகிறார்கள். பசை என்று நாம் சொல்வதும் பசையன்று. அது பிளாஸ்டிக்கைக் கரைக்கும் திரவம். இரு பக்கமும் கரைந்து, ஒன்றாய்க் கலந்து, திரவம் ஆவியானதும் ஒரே பொருளாய் இறுகுகிறது. ஒட்டியதைப் பிரிக்க முடியாது, உடைக்கத்தான் முடியும்.

எட்டாம் நாள் கூரையை அறுத்தேன்.

கோடு போட்டுக் கொடுத்திருக்கிறாரே, கோட்டின் மேலேயே அறுத்தால் போயிற்று என்று நினைத்தேன். ரம்பத்தின் வாய்க்கும் ஒரு கனம் உண்டு, ஒவ்வோர் அறுப்பிலும் அது சிறிது தின்றுவிடும் என்பதைத் திருகு அளவி பிடிக்கக் கற்றுக்கொடுப்பவனாகிய நான் மறந்தேன். இடப்பக்கம் 3.6 போயிற்று, வலப்பக்கம் 3.1. கூரையை எடுத்து வைத்துப் பார்த்தால், காதில் பூ வைத்த சண்டியர் தொப்பிபோல் ஒருபக்கம் சாய்ந்து உட்கார்ந்தது. அதைவிடப் பெரிய தவறு ஒன்று அப்போதுதான் புரிந்தது. முன் தூண் பின்னோக்கிச் சாய்ந்தது. பின்புறம் முன்னோக்கிச் சரிந்தது. கவிழ்த்து வைத்த வாளியின் நடுவில் மூன்று விரல் அகலம் அறுத்து நீக்கிவிட்டு மேல் துண்டைக் கீழே இறக்கினால் பொருந்துமா? மேல் துண்டின் வாய் சிறியது, உள்ளே விழும். கூரையும் அப்படியே. முன் தூணில் பொருத்தினால் பின்னால் இடைவெளி. பின்னால் பொருத்தினால் முன்னால் இடைவெளி.

புடவையை எடுத்து மூடிவிட்டு மேலே வந்து படுத்தேன். உறக்கம் வரவில்லை. இறந்தவர் கைப்படக் கோடு போட்டு வைத்த பொருள். இரண்டு ஆண்டு எவரும் தொடாமல் வைத்திருந்தார்கள். ஊரிலிருந்து வந்த மாமன் ஒரே வாரத்தில் அதைக் கெடுத்துவிட்டான். காலையில் எப்படிச் சொல்வது?

சொல்லத் தேவையிருக்கவில்லை. விடியுமுன் தண்ணீர் குடிக்க எழுந்தபோது நிலவறையில் விளக்கு எரிந்தது. இறங்கிப் போனேன். பையன் நாற்காலியில் உட்கார்ந்து கூரையைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மன்னிச்சிரு மாப்பிள்ளை” என்றேன்.

அவன் ஒன்றும் பேசவில்லை. குனிந்து, மேசைக்கு அடியில் நான் திறந்தே பார்க்காத ஓர் இழுப்பறையை இழுத்தான். உள்ளே அதே காரின் உடல்கள் மூன்று. மூன்றும் அறுத்தவை. ஒன்றில் தூண் ஒடிந்திருந்தது. ஒன்று பசையில் உருகிக் குழைந்திருந்தது. மூன்றாவது நான் செய்ததே போல இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

“அப்பாவும் மூணு தடவை கெடுத்துட்டார், மாமா. இது நாலாவது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று தெரியாமல் அடக்கினேன். அவன் சிரித்தான். பிறகு இருவரும் சிரித்த சத்தத்தில் அக்கா எழுந்து வந்து, மாடிப்படியில் நின்று பார்த்துவிட்டு, பேசாமல் திரும்பிப் போனாள்.

அன்று முதல் வேலை அவனுடையது, எடுபிடி நான். தந்தை செய்யும்போது அவன் பக்கத்திலேயே இருந்திருக்கிறான், எல்லாம் தெரிந்திருந்தது. கூரையின் குறுக்கே நடுவில் அறுத்து, இரண்டாக்கி, முன் பாதியை முன் தூணிலும் பின் பாதியைப் பின்னாலும் பொருத்தினான். நடுவே விட்ட இடைவெளியில் பிளாஸ்டிக் பட்டை வைத்து இணைத்தான். உண்மைக் காரிலும் இப்படித்தானாம். அங்கே தகடு வைத்துப் பற்றவைப்பார்கள். நான் அதிகமாய் அறுத்த இடப்பக்கத்துக்கு அரை மில்லி மீட்டர்த் துண்டு செதுக்கி வைத்தான். மேலே பட்டி பூசினோம். நம்மூர் டிங்கரிங் பட்டறையில் செய்வது போலவே பட்டி, நீர் தொட்டு உப்புத்தாள், மீண்டும் பட்டி. சாம்பல் நிற ப்ரைமர் அடித்தால்தான் குறை தெரியும். நான்கு முறை அடித்து நான்கு முறை தேய்த்தோம். இந்த நாள்களில் அவன் பேசினான். பள்ளியைப் பற்றி, மருத்துவமனையைப் பற்றி, தந்தையை உள்ளே சென்று பார்க்க விடாத அந்த வாரத்தைப் பற்றி. கையில் உப்புத்தாள் இருக்கும்போது முகத்தைப் பார்க்கவேண்டியதில்லை அல்லவா?

வண்ணத்தில் எங்களுக்குள் வழக்கு வந்தது. ‘கேண்டி’ என்று ஒரு முறை உண்டு. அடியில் வெள்ளி அல்லது பொன் நிறம். அதன்மேல் ஒளி ஊடுருவும் வண்ணம். ஒளி உள்ளே போய் வெள்ளியில் பட்டு, வண்ணத்தைக் கடந்து இருமுறை வடிகட்டப்பட்டு வெளிவருவதால் ஓர் ஆழம் தெரியும். ஒளியியல் நடத்துபவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? செந்நிறம் அடிப்போம் என்று மன்றாடினேன். “ப்ரைமர்லயே இருக்கட்டும் மாமா” என்றான். அதற்கும் மரபு உண்டு. வண்ணத்துக்குக் காசு சேராமலோ, வேலை முடியாமலோ, அந்தக் காலத்து ஹாட் ராடுகள் பல சாம்பல் ப்ரைமரோடேயே தெருவில் ஓடின. விட்டுக்கொடுத்தேன். இன்னும் சிறிது வருத்தம்தான்.

ஒருநாள் மாலை எஞ்சினைப் பொருத்த எடுத்தோம். அது வேறொரு கிட்டிலிருந்து அத்தான் எடுத்தது. 1949 முதல் 1953 வரை ஃபோர்டு கார்களில் வந்த தட்டைத்தலை வி-8. டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து எட்டு ஸ்பார்க் பிளக்குகளுக்கும் தலைமயிர் போன்ற ஒயர்களை அவரே துளையிட்டுக் கோத்திருந்தார். உண்மை ஒயர் 7 மில்லி மீட்டர், இது 0.3-க்கும் குறைவு. அந்தக் கண்ணும் கையும் யாருக்கு வரும்! நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அலமாரியில் இருந்த பழைய பழுதுபார்ப்பு நூலையும் எடுத்து ஒப்பிட்டேன். இந்த எஞ்சினில் தீப்பொறி எழும் வரிசை 1-5-4-8-6-3-7-2. டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றி எண்ணிக்கொண்டே வந்தால், ஐந்தாவதும் ஆறாவதும் இடம் மாறியிருந்தன. 6 வரவேண்டிய இடத்தில் 3. 3-இன் இடத்தில் 6.

பரீட்சைத் தாள் திருத்திப் பழகிய கை சும்மா இருக்குமா? இடுக்கியை எடுத்தேன். “ரெண்டு ஒயர்தான். உருவி மாத்திக் கோத்துடலாம். இப்படி விட்டா எஞ்சின் தடுமாறும்” என்றேன், ஏதோ அந்த எஞ்சின் ஓடப் போவதுபோல.

பையன் என் கையிலிருந்து இடுக்கியை வாங்கி, மேசையின் அந்தப் பக்கத்தில் வைத்தான்.

“தெரியும் மாமா. அப்பா கோத்து முடிச்ச அன்னைக்கே நான் சொன்னேன். நாளைக்கு மாத்தலாம்னார்.”

எஞ்சினை அப்படியே காருக்குள் இறக்கினோம். முன்பக்கத்து வலையை அவன் பொருத்தினான். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.