பையில்லாத சட்டை

சாவு நடந்த இடத்தில் தலைத்துண்டை எடுத்துவிட வேண்டும் என்பது என் தகப்பனார் எனக்குக் கற்பித்த மரியாதை. கொச்சி மட்டாஞ்சேரியில், 1568இல் கட்டிய பரதேசி யூதர்களின் கோயிலைப் பார்த்துவிட்டு அவர்களுடைய கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தபோதும் கை தானாகத் துண்டுக்குப் போயிற்று.

"எடுக்காதீங்க, ஸார்! இங்கே தலையை மூடிக்கிறதுதான் மரியாதை" என்று தடுத்தார் கூட வந்த பெரியவர்.

அவர் பாலக்காட்டுக்காரர், யூத வியாபாரி ஒருவரிடம் கணக்கு எழுதியவர். தலைக்கு மேலே இறைவனின் சந்நிதி இருக்கிறதென்று, நாலு முழம்கூட வெறுந்தலையோடு நடக்காத ஒரு குருவைப் பற்றி அவர்களுடைய தால்முத் நூலில் வருகிறதாம். துண்டை மறுபடி போட்டுக்கொண்டேன்.

பெரும்பாலோர் ஊரைவிட்டுப் போய்விட்ட சமூகம் அது. தோட்டத்தில் எங்களைத் தவிர யாருமில்லை. பெரியவர் பேசிக்கொண்டே நடந்தார். பெற்றவர் இறந்தால் பிள்ளை தன் சட்டையை இடது பக்கம், நெஞ்சுக்கு நேரே கிழித்துக்கொள்வானாம். ஏழு நாள் வீட்டில் தாழ்ந்த ஆசனத்தில் உட்கார்ந்து துக்கம் காப்பானாம். இறந்தவரைக் குளிப்பாட்டி, சாதாரண வெள்ளைத் துணியில் தைத்த உடையை உடுத்துவார்களாம்.

"பணக்காரனுக்கும் அதே துணிதான், ஸார். அந்தச் சட்டைக்குப் பை கிடையாது!"

அதற்கும் ஒரு கதை உண்டு. ஒரு காலத்தில், சாவைவிடச் சாவுச் செலவு உறவினருக்குப் பெரிய துன்பமாகிவிட்டதாம். பிணத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போனவர்கள்கூட உண்டாம். சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன் இருந்த கமாலியேல் என்ற தலைவர், தம்மைச் சாதாரண நார்த்துணியிலேயே கொண்டுபோகச் செய்தார். பெரியவரே அப்படிப் போனபின் மற்றவர்களுக்கு என்ன வெட்கம்?

நான் பேசாமல் நின்றேன். அப்பாவுக்கு நான் பூப்பல்லக்குக் கட்டினேன், மேளம் வைத்தேன், பதினாறாம் நாள் ஊருக்கே இலை போட்டேன். எல்லாம் கடன். அந்த வருஷம் என் தங்கையின் படிப்பு நின்றது. அப்பா செத்ததால் நின்றது என்றுதான் ஊரில் சொன்னார்கள். நானும் அப்படியே சொல்லி வந்தேன். அப்பா ஒரு நாளும் என்னிடம் பல்லக்குக் கேட்டதில்லை. தங்கை, பள்ளிக்கூடத்துச் சம்பளம் கேட்டாள்.

யூதர்கள் கல்லறைமேல் சிறு கல் வைப்பது வழக்கம். பெரியவர் ஒரு கல்லை எடுத்துக் கொடுத்தார். யாருடையது என்று தெரியாத ஒரு சமாதியின் மேல் அதை வைத்தேன்.

ஊர் திரும்பியதும் தங்கைக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதல் வரி இன்னும் வரவில்லை.