மணியோசை ஓய்ந்த மடம்

முத்துக்குளித்துறைக் கிறிஸ்தவனுக்குக் கோவா அந்நிய ஊரன்று. 1542-இல் புனித பிரான்சிஸ் சவேரியார் அங்கிருந்தே கப்பலேறி நம் கரைக்கு வந்தார். அவரது திருவுடல் 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை பொது வணக்கத்திற்கு வைக்கப்பட்டபோது, சாகுபுரம், புன்னைக்காயல் பக்கத்து மக்களோடு நாமும் நாகர்கோவிலில் ரயிலேறி, மட்காவில் இறங்கி, பழைய கோவா சேர்ந்தோம்.

புனிதரைத் தரிசித்து முடித்ததும் பெரும்பாலோர் கடைவீதிக்குத் திரும்பினர். நாமோ சிலரை அழைத்துக்கொண்டு அருகிலுள்ள திருமலை என்னும் குன்றில் ஏறினோம். அங்கே ஒருபுறம் புனித அகுஸ்தினார் ஆலயத்தின் இடிபாடுகள். 1842-இல் அதன் வளைகூரை இடிந்தது. 1931-இல் கோபுரத்தின் பாதி சரிந்தது. எஞ்சியது மட்டும் வானை நோக்கி நிற்கிறது. அதற்கெதிரே, கோட்டைபோல் மூன்றடுக்காய் ஓங்கி நிற்பதே புனித மோனிக்கா கன்னியர் மடம்.

அகுஸ்தினார் சபைத் துறவியான பேராயர் அலெய்ஷோ தெ மெனேசஸ் 1606-இல் இம்மடத்திற்கு அடிக்கல் நாட்டினார். 1627-இல் கட்டடம் நிறைவுற்றது. 1636-இல் தீக்கிரையாகி, மறு ஆண்டே மீண்டும் எழுப்பப்பட்டது. செம்புறைக்கல் சுவர்களுக்கு முட்டுக்கொடுக்கும் தடித்த தாங்குசுவர்களைக் கண்டால், எக்காலத்தும் அசையாதிருக்கக் கட்டினார்கள் என்றே தோன்றும். உள்ளே நடுமுற்றம், சுற்றிலும் தாழ்வாரங்கள், ஆலயத்தை ஒட்டி, பாடுபட்ட சுரூபம் ஒன்றிற்கெனச் சிற்றாலயம். 1636 பெப்ருவரியில் அச்சுரூபம் கண் திறந்ததாகவும், முள்முடியிலிருந்து இரத்தம் வடிந்ததாகவும் கன்னியர் சாட்சி பகர்ந்தனர். கோவாவின் புகழ்பெற்ற அடுக்குப் பணியாரமாகிய பெபிங்காவும் இம்மடத்துச் சமையலறையில் பிறந்ததே எனக் கர்ண பரம்பரையாய்ச் சொல்லுவார்கள்.

பெரும்பாலும் போர்த்துக்கேயக் குடும்பப் பெண்களுக்கே இம்மடத்தின் கதவு திறந்திருந்தது. 1834-இல் போர்த்துக்கல் அரசு துறவு சபைகளைக் கலைத்தது. ஆடவர் மடங்கள் மூடப்பட்டன. கன்னியரை வெளியேற்றவில்லை, ஆனால் இனி ஒருவரையும் புதிதாய்ச் சேர்க்கலாகாது என்று தடுத்தார்கள். கதவு இடிக்கப்படவில்லை, உள்ளே நுழைவார்தாம் இல்லை. ஆண்டுதோறும் ஒவ்வொருவராய் இறைவனடி சேர, 1885-இல் கடைசிக் கன்னியும் கண்மூடினார்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கையில், நம்மோடு வந்த வயது முதிர்ந்த தாய் ஒருவர் கேட்டார்: “சாமி, எல்லாரும் போனபிறகு அந்தக் கடைசி அம்மா யாரோடு சேர்ந்து செபம் சொல்லியிருப்பாங்க?”

நமக்கு உடனே பதில் வரவில்லை. மடத்துச் செபம் இரு வரிசையாய் நின்று, ஒரு வரிசை சொல்ல மறுவரிசை பதிலுரைப்பது. பதிலுரைக்க ஆளின்றி, இரு வரிசைக்கும் தாமே சொல்லிக்கொண்டிருந்த ஒரு கிழக்குரலை அத்தாழ்வாரத்தில் நாம் கேட்டது போலிருந்தது.

ஆயினும் இறைவன் ஒரு கதவு அடைபடும் காலத்தில் வேறொன்றைத் திறக்கிறார். கோவாவில் தடை விழுந்த பத்தே ஆண்டில், 1844-இல், புதுவையில் துய்புயி அடிகளார் தமிழ்ப் பெண்களையே கொண்டு மரியன்னையின் மாசற்ற இருதய சபையைத் தொடங்கினார். பெண்குழந்தைகளுக்குக் கல்வி புகட்டுவதே அதன் பணி. மோனிக்கா மடமும் பாழாகவில்லை. 1964-இல் கன்னியருக்கான இறையியல் கல்விக்கூடம் அங்கே தொடங்கிற்று. ராசோல் குருமடத்தில் 1994-இல் அமைந்த கிறிஸ்தவக் கலை அருங்காட்சியகம், 2002-இல் இம்மடத்து ஆலயத்திற்கு மாற்றப்பட்டது.

கோவா மடத்தை ஓர் அரசாணை வெறுமையாக்கியது. நம் மடங்களுக்கோ எந்த அரசும் தடை விதிக்கவில்லை. இருந்தும், முன்பு வீட்டுக்கொரு பிள்ளையைத் தேவ ஊழியத்திற்குத் தந்த ஊர்களில், இன்று மடத்துக் கதவைத் தட்டும் பெண்கள் அருகி வருகின்றனர். இதை யார்மேலும் குறையாக நாம் சொல்லவில்லை. அழைப்பவர் ஆண்டவர், அவ்வழைப்பைக் கேட்கும் செவி மட்டும் வீட்டில்தான் பழக்கப்படுகிறது.

திரும்பும் ரயிலில் இருட்டும் வேளை அத்தாய் செபமாலையை எடுத்தார். “அருள் நிறைந்த மரியே” என்று அவர் தொடங்க, மறுபாதியைப் பெட்டி முழுவதும் சொல்லிற்று. அன்பர்களே, இன்றிரவு உங்கள் இல்லத்தில் ஒருவர் தொடங்கினால், மறுபாதியைச் சொல்ல யார் இருக்கிறார்கள்?