பனியன் பெட்டி போகும் வழியில் நீலத் திமிங்கலம்

மிரிஸ்ஸ துறைமுகத்திலிருந்து காலை ஆறரைக்கெல்லாம் படகு கிளம்பிவிட்டது. இலங்கையின் தென்கோடி. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை இந்தப் பக்கம் கடல் அடங்கிக் கிடக்கும் என்கிறார்கள். திருப்பூரிலிருந்து வந்த எங்கள் கூட்டத்தில் பாதிப் பேருக்கு அதுவே தாங்கவில்லை, மாத்திரை போட்டுக்கொண்டு கண்ணை மூடிவிட்டார்கள். இடப்பக்கம் தேவேந்திரமுனைக் கலங்கரை விளக்கம். 1588-இல் போர்த்துக்கீசியர் இடித்துத் தள்ளிய தென்னாவரம் கோயில் அந்த ஊரில்தான் இருந்தது. திமிங்கலம் பார்க்க வருகிற நம்மவர்கள் அதை விசாரிப்பதில்லை.

கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதுமே இங்கே கடலடி சட்டென்று ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. அந்த ஆழம்தான் திமிங்கலத்தைக் கரைக்கு இவ்வளவு பக்கத்தில் கொண்டுவருகிறது.

வெகுநேரம் வெறும் தண்ணீர். பிறகு முன்னால் வெள்ளையாக ஒன்று எழும்பியது. ஒரு கணம் கழித்துச் சத்தம் வந்தது. "ஏனுங்க, பாய்லர்ல ஸ்டீம் தொறந்துவிட்ட மாதிரியே இருக்குதுங்க!" என்றார் சாயப்பட்டறை வைத்திருக்கும் நண்பர். அது விட்ட மூச்சு. ஒன்பது மீட்டர் உயரம்கூட எழும்பும். அடுத்து முதுகு வந்தது. வந்துகொண்டே இருந்தது. சாம்பல் படர்ந்த நீலம், ஆங்காங்கே வெளிறிய திட்டுகள். முடிந்துவிட்டது என்று நினைத்த பிறகுதான் முதுகுத் துடுப்பு, அந்த உடம்புக்குப் பொருத்தமே இல்லாமல் சின்னதாக. நாலைந்து மூச்சு வாங்கியது. முதுகை வளைத்து வாலைத் தூக்கி உள்ளே போனது. போன இடத்தில் அலையே இல்லாத ஒரு வட்டம்.

பத்துப் பன்னிரண்டு நிமிடம் கழித்து வேறொரு பக்கம் மூச்சு தெரிந்தது. உடனே சுற்றியிருந்த படகுகள் எல்லாம் அங்கே பாய்ந்தன. நூறு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. அந்த அவசரத்தில் அதை அளக்க யார் இருக்கிறார்கள்? எங்கள் படகும் பாய்ந்தது. எனக்கு அது ரசிக்கவில்லை.

மற்ற இடத்து நீலத் திமிங்கலங்கள் பொதுவாகக் குளிர்க்கடலில் இரை தின்று, குட்டி போட வெப்பக்கடலுக்கு வரும். இவை வருடம் முழுக்க இந்த வடஇந்தியப் பெருங்கடலை விட்டுப் போவதில்லை. 2003-இல் இலங்கை ஆய்வாளர் ஆஷா டி வோஸ் கண்டது, நீரில் மிதந்த சிவப்புச் சாணத்தை. இரை எடுப்பதும் இங்கேதான் என்று அதிலிருந்து பிடித்துக்கொண்டார்.

இந்த மேய்ச்சல் நிலத்தின் குறுக்கேதான் கப்பல் தடம் போகிறது. தெற்கே பார்த்தால் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டெய்னர் கப்பல்கள். சீனா, சிங்கப்பூர் பக்கமிருந்து கொழும்புக்கும் சூயஸுக்கும் இதுதான் வழி. தூத்துக்குடியிலிருந்து ஃபீடரில் போகும் நம் பனியன் பெட்டிகளைக் கொழும்பில் ஏற்றிக்கொள்ளும் மதர் வெசல்களில் பல இதைத் தாண்டித்தான் வந்திருக்கும். அவ்வளவு பெரிய கப்பல் திமிங்கலத்தின் மேல் மோதினால் மேலே இருப்பவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. தடத்தை 15 கடல்மைல் தெற்கே நகர்த்தினால் மோதும் அபாயம் 95 சதவீதம் குறையும் என்பது ஆய்வாளர்கள் போட்ட கணக்கு. 2022-இல் எம்எஸ்சி நிறுவனம் தன் கப்பல்களைத் தானாகவே அப்படித் திருப்பிவிட்டது. ஷிப்மெண்ட் தேதிக்கு அலறுகிற நமக்கேகூட அந்தச் சுற்று ஒரு பொருட்டாக இருக்காது என்பது என் எண்ணம்.

திரும்பும்போது, உங்கள் சரக்கு எந்த லைனில் போகிறது என்று எக்ஸ்போர்ட் நண்பரைக் கேட்டேன். "பையர் நாமினேட் பண்றதுதானுங்க. எஃப்ஓபி-ல நம்ம வேலை தூத்துக்குடியோட முடிஞ்சுதுங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆடிட்டுக்கு வர்றவங்க சாயத்தண்ணி எங்க போகுதுன்னு துருவித் துருவிக் கேக்கறாங்க. கப்பல் எந்த வழியில போகுதுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லைங்க."