மாப்பிள்ளை வீட்டு கராஜில் ஒரு லேப்



அமெரிக்கா போய்த் திரும்பி ஒரு மாதம் ஆகிறது. "சார், நயாகரா போட்டோ எங்கே?" என்று குரூப்பில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நயாகராவுக்கு நாங்கள் போகவில்லை. டெக்சாஸில் மகள் வீட்டோடு மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தோம். அதில் பாதி நாள் நான் கராஜ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே மாப்பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தார் என்று சொன்னால் உங்களில் சிலர் முகம் சுளிப்பீர்கள். துப்பாக்கித் தோட்டா! சுட்டு முடித்த வெற்று உறையை எடுத்து, மறுபடி மருந்து நிரப்பி, புதுத் தோட்டாவாக ஆக்குவது. ரீலோடிங் என்கிறார்கள்.

முதல் நாள் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. சாத்தூர்ப் பக்கத்துக்காரன் நான். நம் பக்கத்தில் 'மருந்து' என்றால் காய்ச்சலுக்குக் குடிப்பது மட்டுமல்ல என்பது உங்களுக்குத் தெரியும். எத்தனை பேர் வீட்டில் பட்டாசுக் கம்பெனிக்குப் போய்த் திரும்பாதவர்கள் இருக்கிறார்கள் என்பதும் தெரியும். "இதெல்லாம் வீட்டில் வைத்துச் செய்யற வேலையா மாப்பிள்ளை?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஒரு தடிமனான புத்தகத்தை என் கையில் கொடுத்தார். லைமன் கம்பெனி போட்ட ரீலோடிங் கையேடு. "நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியார் மாமா. படிச்சிட்டுத் திட்டுங்க" என்றார். படித்தேன். திட்டுவதற்குப் பதில் ஆர்வம் வந்துவிட்டது.

அவர் இதில் இறங்கியது 2020, 21 வாக்கில். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் நண்பர்களோடு ரேஞ்சுக்குப் போய்க் குறிபார்த்துச் சுடுவது அவர் பொழுதுபோக்கு. கொரோனா சமயத்தில் அந்த நாடு முழுக்கத் தோட்டா கிடைக்காமல் போனது. நம் ரேஷன் கடை போல, ஆளுக்கு ஒரு பெட்டிதான் என்று கடைகளில் எழுதி வைத்தார்களாம். அடுத்த வீட்டில் ஒரு பெரியவர், லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வருஷக்கணக்காகத் தன் தோட்டாவைத் தானே செய்துகொள்பவர். அவர்தான் குரு.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்ள மத்திய அரசின் லைசென்ஸ் தேவையில்லை. விற்பதற்குச் செய்தால் தேவை. நம் நாட்டில் ஆயுதச் சட்டம் வேறு. லைசென்ஸ் இல்லாமல் ஒரு தோட்டா வைத்திருந்தாலே வழக்கு. ஆகவே யாரும் இதைப் படித்துவிட்டு எதையும் தேடிப் போக வேண்டாம். அங்கேயும் சுற்றுலா விசாவில் போன என்னைப் போன்றவர்கள், வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. வெற்று உறை, பிரைமர், பவுடர், குண்டு ஒவ்வொன்றும் தனியாக இருந்தாலும் அந்தச் சட்டத்தில் 'தோட்டா' என்ற சொல்லுக்குள் வந்துவிடுகிறது. இதை எனக்குச் சொன்னவர் அந்தப் பக்கத்து வீட்டுப் பெரியவர். அன்றிலிருந்து நான் எதையும் தொடவில்லை. பரீட்சை ஹாலில் சூபர்வைசர் மாதிரி வாசலில் உட்கார்ந்துவிட்டேன். பேரன் மட்டும் ஒரு வெற்று உறையை விசில் ஊத வைத்துக்கொண்டு, ஊருக்குக் கிளம்பும்போது "தாத்தாவுக்கு கிஃப்ட்" என்று என் பெட்டியில் போட்டுவிட்டான். உங்கள் டீச்சரம்மா வேட்டி மடிப்பை உதறியபோது அது 'டிங்' என்று தரையில் விழுந்தது. சென்னை ஏர்போர்ட்டில் விழுந்திருந்தால் இந்தப் பதிவை வேறு எங்கிருந்தாவது எழுதிக்கொண்டிருப்பேன்.

தோட்டாவில் நான்கே பொருள்கள். பித்தளை உறை, அதன் அடியில் பிரைமர், உள்ளே பவுடர், வாயில் குண்டு. சுட்டபின் பவுடரும் பிரைமரும் தீர்ந்துவிடும், குண்டு போய்விடும். விலை கூடுதலான பித்தளை உறை மட்டும் மிஞ்சும். அதை எறிய மனசு வராதவர்கள் கண்டுபிடித்த வேலைதான் இது. நம் வீட்டுப் பெண்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவி மிளகாய்ப்பொடி போட்டு வைப்பது போல.

எல்லா உறையையும் இப்படித் திரும்ப நிரப்ப வசதிப்படாது. பாக்ஸர், பெர்டன் என்று பிரைமரில் இரண்டு வகை. பாக்ஸர் வகைக்கு உறையின் அடியில் நடுவே ஒரே ஓட்டை. ஒரு ஊசியால் குத்தினால் பழைய பிரைமர் விழுந்துவிடும். பெர்டனுக்கு ஓரமாக இரண்டு சின்ன ஓட்டைகள், ஊசி போகாது. வேடிக்கை என்னவென்றால் பாக்ஸர் இங்கிலாந்துக்காரர், பெர்டன் அமெரிக்கர். அமெரிக்கா பிடித்துக்கொண்டது இங்கிலாந்துக்காரர் கண்டுபிடிப்பை. ஐரோப்பிய ராணுவங்கள் பிடித்துக்கொண்டது அமெரிக்கர் கண்டுபிடிப்பை. வாத்தியார் பிள்ளையைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது போல.

கருவிகளும் அதிகமில்லை. மேஜையில் போல்ட் போட்டு முடுக்கிய ஒரு பிரஸ். கைப்பிடியை இழுத்தால் உறை மேலே ஏறி, டை என்கிற அச்சுக்குள் நுழையும். முறுக்கு அச்சை மாற்றி மாற்றிப் போடுவது போல, ஒரு டை உறையைப் பழைய அளவுக்கு இறுக்கும், ஒன்று வாயை விரிக்கும், ஒன்று குண்டை உட்கார வைக்கும். மணிக்கு நூற்றுக்கணக்கில் தள்ளும் பெரிய பிரஸ்களும் உண்டு. ஆனால் புதிதாக ஆரம்பிப்பவர் ஒரு இழுப்புக்கு ஒரே வேலை செய்கிற பிரஸ்ஸில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று பெரியவர் பிடிவாதமாகச் சொல்லியிருக்கிறார். அவரை எனக்குப் பிடித்துப்போனது.

எடை கிரெயின் கணக்கில். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். ஒரு கிரெயின் ஏறக்குறைய அரைக் குன்றிமணி எடை. தட்டான் தராசுக்கே மூச்சு முட்டும் வேலை. கையேட்டில் ஒவ்வொரு பவுடருக்கும் ஒவ்வொரு குண்டுக்கும் குறைந்த அளவு, அதிக அளவு என்று பட்டியல் இருக்கிறது. குறைந்த அளவில் ஆரம்பித்துச் சிறிது சிறிதாகத்தான் ஏற வேண்டும்.

பவுடர் பழைய கரிமருந்து அல்ல, நைட்ரோ செல்லுலோஸ். பஞ்சில் நைட்ரிக் அமிலம் என்று பிளஸ் டூவில் ஒரு வரியில் ஓட்டிவிட்டுப் போனேனே, அதேதான். வகை வகையாக இருக்கிறது, பார்வைக்கு எல்லாம் சாம்பல் நிறத் தூள். ஒன்று சட்டென்று எரியும், இன்னொன்று நிதானமாக எரியும். இரண்டாம் உலகப் போரில் மிச்சமான ராணுவப் பவுடரை வாங்கி, கேன்சஸில் புரூஸ் ஹாட்ஜ்டன் என்பவர் விற்க ஆரம்பித்தாராம். இன்று பெரிய கம்பெனி. அவர்களிடம் 4831 என்ற எண்ணில் ஒரு பவுடர் உண்டு. ஐ.எம்.ஆர். என்ற பெயரிலும் 4831 என்று ஒன்று உண்டு. எண் ஒன்று, பவுடர் வேறு, அளவும் வேறு. எண்ணை மட்டும் பார்த்து அளந்தால் ஆபத்து.

சாமான் வாங்குவதில் மாப்பிள்ளைக்கு நான் கைதட்டிய இடம் ஒன்று சொல்கிறேன். பழைய சாமான் விற்கும் ஒரு வீட்டில் பாதிப் பவுடர் இருந்த டப்பா ஒன்றை மிக மலிவாகக் கொடுத்தார்களாம். லேபிள் கிழிந்திருந்தது. வேண்டாம் என்று வந்துவிட்டார். நம் லேபில் லேபிள் போன பாட்டிலை நான் என்ன செய்வேன் என்று உங்களுக்கு நினைவிருக்கும். பவுடரும் பிரைமரும் ஆன்லைனில் வாங்கினால், அபாயப் பொருள் என்று தனிக் கட்டணம் போடுகிறார்கள். அதனால் நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரே ஆர்டராக வாங்குகிறார்கள். பிரைமரை அதன் அட்டைத் தட்டிலிருந்து எடுத்து பாட்டிலில் கொட்டி வைக்கக் கூடாது. ஒன்று வெடித்தால் எல்லாம் சேர்ந்து வெடிக்கும். பவுடரை வேறு டப்பாவுக்கு மாற்றக் கூடாது. பிரைமரிலும் குண்டிலும் ஈயம் இருப்பதால் வேலை முடிந்து கை கழுவாமல் பிள்ளைகளைத் தொடக் கூடாது. இதெல்லாம் சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. மகள் கையெழுத்து.

இனிதான் நான் சொல்ல வந்த விஷயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மாப்பிள்ளை ரிவால்வர் தோட்டா நிரப்பிக்கொண்டிருந்தார். பாயின்ட் 38 ஸ்பெஷல். இது கரிமருந்துக் காலத்து அளவு. உறைக்குள் இடம் தாராளம். இன்றைய பவுடர் மூன்று நான்கு கிரெயின் போட்டால் அடியில் படிந்து கிடக்கும். தவறி இரண்டு மடங்கு போட்டாலும் வழியாது, குண்டும் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். சுடும்போதுதான் தெரியும். ரிவால்வரின் சிலிண்டர் கையிலேயே சிதறலாம்.

50 குழி உள்ள பலகையில் உறைகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றாகப் பவுடர் விட்டுக்கொண்டே வந்தார். நான்காவது வரிசையில் ஆபீஸ் போன். உள்ளே போனார். பத்து நிமிஷம் கழித்து வந்து, நின்ற இடத்திலிருந்து தொடர்ந்தார். அடுத்தது, அதற்கடுத்தது, வரிசை முடிந்தது. பிரஸ்ஸில் டையை மாற்றப் போனார்.

"மாப்பிள்ளை, ஒரு நிமிஷம் இருங்க. டார்ச் அடிச்சுப் பாத்துட்டு மூடுங்க" என்றேன்.

"சரியாத்தான் போட்டேன் மாமா." குரலில் கொஞ்சம் சலிப்பு. ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ் போன் வந்த சலிப்பாகவும் இருக்கலாம்.

"எனக்காக அடிங்க."

அடித்தார். வரிசை வரிசையாக வெளிச்சம் நகர்ந்தது. நான்காவது வரிசையில் நின்றது. ஒரே ஒரு உறையில் பவுடர் மட்டம் மற்றவற்றைவிட உயர்ந்து இருந்தது. நாற்காலியிலிருந்து என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தேன். டார்ச்சை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்த வாரம் ரேஞ்சுக்கு என் மகளும் வருவதாக இருந்தது.

50 உறைகளையும் திரும்ப டப்பாவில் கொட்டினார். அன்று அதற்கு மேல் வேலை செய்யவில்லை. மத்தியானம் சாப்பிடும்போது, "எப்படி மாமா கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார். கண்டுபிடிக்கவில்லை என்றேன். உண்மையிலேயே நான் எதையும் கவனித்திருக்கவில்லை. வேலைக்கு நடுவே எழுந்து போன ஆள், திரும்பி வந்து சரிபார்க்காமல் விட்ட இடத்தில் தொடர்ந்ததுதான் என்னை உறுத்தியது. ஏன் உறுத்தியது என்பதை அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

1994. பிளஸ் டூ பிராக்டிக்கல். அடர் கந்தக அமிலத்தை நீர்க்கச் செய்ய வேண்டும். அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது என்று சொல்ல ஆரம்பித்திருந்தேன். பாதியில் தலைமை ஆசிரியர் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது. போனேன். ஏதோ சம்பளப் பட்டியலில் கையெழுத்து. திரும்பி வந்து, "எங்க விட்டேன்?" என்று கேட்டுவிட்டு, யாரும் பதில் சொல்லும் முன்பே அடுத்த பகுதிக்குத் தாவிவிட்டேன். சொல்ல வேண்டிய வாக்கியத்தைச் சொல்லி முடிக்கவே இல்லை. மூன்றாவது மேஜைப் பையன் அமிலத்தில் நீரை ஊற்றினான். இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தெறித்தது.

குழாயில் கையைக் காட்டிக் கழுவி, ஆஸ்பத்திரிக்கு நான்தான் சைக்கிளில் வைத்துக் கூட்டிப் போனேன். இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. "சார் எவ்வளவு பதறிப்போனார்" என்று இன்றும் சொல்கிறீர்கள். தெரியாதது இது: அன்று சாயங்காலம் லேப் பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில், 'மாணவரின் கவனக்குறைவு' என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டேன். அவன் அப்பா வந்து, "எம் புள்ள செஞ்ச தப்புக்கு நீங்க மன்னிக்கணும் சார்" என்று கும்பிட்டார். நான் "பரவாயில்லை" என்றேன்.

1994 பேட்ச் ஆட்கள் இதைப் படிப்பீர்கள். அவன் பெயரை இங்கே எழுத மாட்டேன், உங்களுக்குத் தெரியும். அவன் இந்தக் குரூப்பில் இல்லை. திருப்பூரில் இருப்பதாக யாரோ சொன்னார்கள். தப்பு அவனுடையது அல்ல, என்னுடையது என்று நேரில் சொல்ல வேண்டும். அவன் அப்பா இருந்தால் அவரிடமும். போன் நம்பர் தெரிந்தவர்கள் இங்கே கமென்டில் போடாமல் எனக்குத் தனியாக அனுப்புங்கள். பொங்கல் வரை ஊரில்தான் இருப்பேன். திருப்பூருக்குப் பஸ் இருக்கிறது.